தொலைபேசியில் ஓர் ஆண் குரல்

மடு மாதா காவல்

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
9.2.1997

அன்பின் கிளடிஸ்,

உமது தை மாதக் கடிதம் போன கிழமை கிடைத்தது. நான் சுகம். நீரும், நீர் பராமரிக்கும் பெனினா அம்மாவும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். அவவுக்குத் தொண்டை இன்னும் சரியில்லை என்று எழுதியிருந்தீர். இஸ்ரவேலிலும் குளிர் இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. இங்கே பனி முழங்காலுக்கு மேலே. யேசுரட்ணம் அண்ணை வீட்டு பேஸ்மென்டில் என் அறை சூடாகத்தான் இருக்கிறது, யோசிக்க வேண்டாம்.

எனக்கு வேலை மாறிவிட்டது. உணவகத்தில் கோப்பை கழுவியது போதும் என்று விட்டுவிட்டு, பதேர்ஸ்ட் வீதியில் யூதர்களுடைய ஒரு பேக்கரியில் சேர்ந்திருக்கிறேன். மாத் தட்டுகளைக் கழுவுவதும், வெந்த பாணை அடுக்குவதும் வேலை. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். சனிக்கிழமை பூட்டு.

அங்கே விற்பனைக்கு நிற்கும் ஓர்னா என்ற பெண் ஹைஃபாவிலிருந்து வந்தவள். என் மனைவி ராமத் கானில் ஒரு முதிய அம்மாவைப் பராமரிக்கிறாள் என்று சொன்னதும், நான் கேட்காமலே எபிரேயம் சொல்லித்தரத் தொடங்கிவிட்டாள். எனக்கும் அது தேவைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் உமக்கு ஃபோன் எடுத்தால் அந்த வீட்டில் வேறு ஆள் எடுக்க, நான் “கிளடிஸ், கிளடிஸ்” என்று கத்துவதைத் தவிர வேறு வழி இல்லாமல் இருந்தது. இப்போது “ஷலோம்” சொல்லத் தெரியும். “தோதா” என்றால் நன்றி. “அனி லோ மெவினா” என்றால் எனக்கு விளங்கவில்லை. இதுதான் நான் கூடுதலாகப் பாவிக்கும் வசனம். ஆமென், அல்லேலூயா, ஓசன்னா எல்லாம் அவர்களுடைய சொற்கள்தானாம். இவ்வளவு காலமும் பூசையில் எபிரேயம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

போன ஞாயிறு ஃபோன் எடுத்தவர் “மா ஷ்லோம்ஹா” என்று கேட்டார். சுகமா என்று அர்த்தம். நானும் விடாமல் “மா ஷ்லோம்ஹா” என்று திருப்பிக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. என்ன பிழை விட்டேன் என்று தெரியவில்லை. எனக்கு முகம் சுட்டது. முப்பத்தாறு வயதில் பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. கோயிலில் கேட்பவர்களுக்கு நீர் அங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸ் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். குறை நினைக்க வேண்டாம். இங்குள்ள சனத்தின் வாய் உமக்குத் தெரியாது.

உம்மைக் கனடாவுக்கு எடுக்கும் ஸ்பொன்சர் ஃபைல் நகர்கிறது. கெதியில் நல்ல செய்தி வரும்.

அன்புக் கணவன்
சூசைதாசன்


வெக்ஸ்போர்ட்
16.3.1997

கிளடிஸுக்கு,

சுகம் கேட்டு எழுதும் மனநிலையில் நான் இல்லை.

இரண்டு கிழமைக்கு முந்தின ஞாயிறு நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கையில் நீர் “கொஞ்சம் பொறுங்கோ” என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனீர். நான் பொறுத்திருந்தேன். அப்போது தூரத்தில் ஓர் ஆண் குரல் கேட்டது. வழக்கமாக ஃபோன் எடுக்கும் அதே கரகரத்த குரல்தான். “அனி ஓஹெவெத் ஓத்தாஹ்” என்று சொல்லி, பின்னால் உமது பெயரையும் சொன்னது. நீர் சிரித்தீர். திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் நடக்காததுபோல் சீனி விலை கதைத்தீர்.

கேட்டதைக் கேட்டபடியே தமிழில் எழுதி வைத்தேன். ஓர்னாவிடம் கேட்க வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணிடம் கேட்கிற சொல்லாக அது இராது என்று மனம் சொன்னது. நூலகத்தில் பயணிகளுக்கான சிறிய எபிரேயப் புத்தகம் ஒன்று எடுத்துப் பார்த்தேன். அதிலே இருந்தது. “அனி ஓஹெவ் ஓத்தாஹ்.” நான் உன்னை நேசிக்கிறேன். ஒரு எழுத்து முன்னே பின்னே இருக்கலாம், ஃபோனில் கேட்டதுதானே. அர்த்தம் அதுதான்.

அந்த அம்மாவின் மகன் அமோஸைப் பற்றி நீர் ஒரேயொரு தரம்தான் எழுதியிருக்கிறீர். ஏன் அதற்கு மேல் எழுதவில்லை என்று இப்போது விளங்குகிறது.

புதன்கிழமை, நீர் சந்தைக்குப் போகும் நேரம் பார்த்து, வேலைக்குப் போகாமல் நின்று ஃபோன் எடுத்தேன். அதே குரல். நான் பாடமாக்கி வைத்ததைச் சொன்னேன். “ஹி இஷ்தி.” அவள் என் மனைவி. “அத்தா கனாவ்.” நீ கள்ளன். இரண்டு தரம் சொன்னேன். அங்கே சத்தம் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஃபோன் வைக்கப்பட்டது. உண்மையில்லாவிட்டால் மனிதன் ஏதாவது பதில் சொல்லியிருப்பான்.

யேசுரட்ணம் அண்ணையிடம் சொன்னேன். அவர் ரிவியை நிற்பாட்டிவிட்டு மேலே போனார். அந்த மனிதரின் முகத்தை நான் இனி எப்படிப் பார்ப்பது? எட்டு மாதம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு ஐந்து வருடம் தனியே இருந்தால் இப்படித்தான் முடியும் என்று நினைத்திருப்பார்.

இமிகிரேசனில் இருந்து உமது ஃபைல் சம்பந்தமாக ஒரு கடிதம் வந்திருக்கிறது. நான் இன்னும் பதில் போடவில்லை. போடுவதா என்று யோசிக்கிறேன்.

சூசைதாசன்


வெக்ஸ்போர்ட்
20.4.1997

அன்பின் கிளடிஸ்,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் வாசிப்பீர் என்றால் அதுவே பெரிது. போன கடிதத்துக்கு நீர் பதில் போடவில்லை. போடாததை நான் குற்றத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டு இவ்வளவு நாளும் திரிந்தேன்.

பாஸ்கா பெருநாளுக்காக பேக்கரியை ஒரு கிழமை பூட்டுகிறார்கள். அதற்கு முன் ஒரு துளி மாவும் மிஞ்சாமல் எல்லா இடத்தையும் கழுவித் துடைக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். வியாழக்கிழமை எல்லோரும், ஓர்னாவும்கூட, உள்ளே முழங்காலில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தோம். நான் அடுப்படியில் நிற்கும் கிழவரிடம் தண்ணீர் கேட்டேன். “அனி ரொட்ஸா மாயிம்” என்றேன். எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று. கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஓர்னாவைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார், அவளும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். “பிழை என்ரைதான். என்னைப் பார்த்துப் பழகினதாலை நீ என்னை மாதிரியே கதைக்கிறாய். எனக்கு வேணும் எண்டு நான் சொன்னால் ரொட்ஸா. நீ சொன்னால் ரொட்ஸே. நீ ரெண்டு மாசமா பொம்பிளை மாதிரிக் கதைச்சுக்கொண்டு திரியிறாய்.”

எனக்கு விளங்கவில்லை. எங்களுக்கு அவன் வாறான், அவள் வாறாள் என்று மற்ற ஆட்களைத்தான் பிரிக்கத் தெரியும். நான் வாறன் என்றால் நீர் சொன்னாலும் அதுதான், நான் சொன்னாலும் அதுதான். இவர்களுக்கு அப்படியில்லை. வாயைத் திறந்து தன்னைப் பற்றிச் சொன்னவுடனேயே ஆணா பெண்ணா என்று வெளியே வந்துவிடும். நீ என்பதும் அப்படித்தான். ஆணுக்கு அத்தா, பெண்ணுக்கு அத்.

ஓர்னா தட்டைத் தேய்த்தபடியே எனக்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஆண் முதல், பெண் பிறகு. மெவின், மெவினா. கார், காரா. ஓஹெவ், ஓஹெவெத்.

நான் கையில் இருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். கடைசியாகச் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். “ஓஹெவெத். நான் நேசிக்கிறன் எண்டு பொம்பிளை சொல்லுறது. ஆம்பிளை வாயிலை அது வராது” என்றாள். தொண்டை கரகரத்த ஆண் என்றாலுமா என்று கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “தொண்டைக்கும் அதுக்கும் என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

கிளடிஸ், நீர் எழுதியும் இருந்தீர். அவவுக்குத் தொண்டை சரியில்லை என்று. நான் வாசித்தும் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த நூலகப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது, இதில் உள்ள வசனங்கள் ஆண் பேசுவதுபோல் எழுதப்பட்டவை என்று. நான் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு நேரே எனக்கு வேண்டிய சொல்லைத் தேடிப் போயிருக்கிறேன்.

அப்படியும் என் புத்தி முழுதாக நம்பவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஃபோன் எடுத்துப் பார்த்தேன். மெல்லிய, பெண்பிள்ளையுடையது போன்ற குரல் ஒன்று வந்தது. யார் என்று கேட்டேன். “அமோஸ்” என்றது. நான் ரிசீவரை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கட்டிலில் இருந்துகொண்டு, நான் யாரிடம் “நீ கள்ளன்” என்று இரண்டு தரம் சொன்னேன் என்று யோசித்தேன். நோயாளியான ஒரு முதிய அம்மாவிடம். உமக்குச் சோறு போடுகிற வீட்டில். அதுவும் உம்மை மகள் மாதிரி வைத்திருக்கிறா என்று நீரே எழுதிய அவவிடம். நான் “மா ஷ்லோம்ஹா” என்று ஆணைக் கேட்பதுபோல் கேட்டபோது சிரித்ததும் அவதானே. அந்தச் சிரிப்பில் ஒரு கெடுதியும் இருக்கவில்லை.

யேசுரட்ணம் அண்ணையிடம் போய், நான் பிழையாக விளங்கிவிட்டேன் என்று சொன்னேன். அவர் மனைவி வேரோனிக்கா அக்காவும் பக்கத்தில் நின்றா. அண்ணை ரிவிச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, “அந்தப் பிள்ளைக்கு இதை எழுதிப்போட்டியோ?” என்று மட்டும் கேட்டார். இனித்தான் என்றேன். “அப்ப ஏன் இஞ்சை நிக்கிறாய்?” என்றார்.

இமிகிரேசனுக்குப் பதில் அன்றைக்கே போட்டுவிட்டேன். அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது, ஏதோ உமக்குத் தயவு செய்ததுபோல் தொனிக்கிறது. உம்மைப் பயமுறுத்தத்தான் அதைப் போன கடிதத்தில் எழுதினேன்.

அந்த வீட்டில் என்னால் உமக்கு என்ன நடந்தது என்று எழுதும். எதுவாக இருந்தாலும் எழுதும்.

சூசைதாசன்


ராமத் கான்
6.5.1997

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதலாவதற்குப் பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இரண்டாவதை வாசித்த பிறகும் சில நாள் பேனையை எடுக்கவில்லை. கேட்டிருக்கிறீர்கள், எழுதுகிறேன்.

அந்தப் புதன்கிழமை நான் சந்தையால் வர, பெனினா அம்மா ஃபோனுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தா. யார் எடுத்தது என்று கேட்டேன். “உன்ரை மனுசன்” என்றா. நீங்கள் பாவித்த சொல்லை உங்கள் கடிதம் வந்த பிறகுதான் நான் அறிந்தேன். அவ என்னிடம் அதைச் சொல்லவேயில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, “நான் கள்ளியோ, கிளடி?” என்று மட்டும் கேட்டா. வயதுக்கு அறளை பெயர்ந்து கேட்கிறா என்று நினைத்தேன்.

பிறகு அமோஸைக் கூப்பிட்டு, “இவளை இவளின்ரை மனுசனிட்டை அனுப்பு. நான் இன்னொருத்தன்ரை பெண்சாதியை என்ரை சுகத்துக்காகப் பிடிச்சு வைச்சிருக்கிறன்” என்றா. கிழமைக்கு ஒரு தரம் மட்டும் வருகிற மனிதன் அவர். நான்தான் ஏதோ முறையிட்டேன் என்று என்னில் கோபித்தார். ஏஜென்சிக்குச் சொல்லி வேறு ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். இந்த வீட்டை விட்டால் எனக்கு விசா இல்லை. கனடா விசாவும் இல்லை. கொழும்புக்குத்தான் போகவேண்டும். அங்கே சோதனைச் சாவடிகளில் நான் எப்படி நின்றேன் என்று உங்களுக்குத் தெரியும். பெட்டி அடுக்கினேன். நான் அழவில்லை, எனக்கு என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை.

வந்த பெண்ணின் கையால் அவ ஒரு வாய் சாப்பிடவில்லை. அந்தக் கிழமையே தொண்டையால் இரத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தடிமன், சளி என்று நாங்கள் நினைத்தது புற்றுநோய். குரல்வளையை வெட்டி எடுத்துவிட்டார்கள். இனி அவவுக்குக் குரல் இல்லை. நீங்கள் ஃபோனில் கேட்ட அந்தக் குரல் இனி யாருக்கும் கேட்காது.

அமோஸ் என்னைப் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நானும் போகவில்லை. அவவுக்கு ஏதும் வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் மோதிரத்தால் தட்டுவா. கண்ணும் மங்கல், எழுதிக் காட்டவும் முடியாது. நான் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்கிறேன்.

அன்றைக்கு நான் சிரித்ததையும் எழுதியிருந்தீர்கள். அவவின் பாதணி கட்டிலடியில் சிக்கிவிட்டது, அதை எடுத்துவிடத்தான் ஓடினேன். அதற்காகச் சொன்னா அந்த வசனத்தை. இங்கே வந்து மூன்று வருஷம். என்னைப் பார்த்து அதைச் சொன்ன ஆள் அவ ஒருத்திதான். நான் சிரிக்காமல் என்ன செய்வேன்?

இப்போதைக்கு ஃபோன் எடுக்க வேண்டாம். மணி அடித்தால் கையை நீட்டுகிறா. பிறகு ஞாபகம் வந்து மடக்கிக்கொள்கிறா. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

கனடா வருவது பற்றியும் இப்போது கேட்க வேண்டாம். அவ இருக்கும்வரை நான் இங்கேதான்.

மத்தியானச் சாப்பாட்டை விடாதீர்கள். உங்களுக்கு வயிற்று எரிவு இருக்கிறது.

கிளடிஸ்


வெக்ஸ்போர்ட்
1.6.1997

அன்பின் கிளடிஸ்,

உமது கடிதத்தை ஒரே தரம்தான் வாசித்தேன். இரண்டாம் தரம் வாசிக்கப் பயமாக இருக்கிறது. அந்த மோதிரம் தட்டும் சத்தம் கேட்காமலே கேட்கிறது.

ஃபோன் எடுக்கமாட்டேன்.

ஓர்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி சொல்லும்போது சிரிக்கத் தொடங்கினவள் மிச்சத்தைக் கேட்டுவிட்டு கல்லாப்பக்கம் போய்விட்டாள். இரண்டு நாள் எனக்கு முகம் தரவில்லை. அவளுடைய தாயும் ஹைஃபாவில் தனியே இருக்கிறாவாம். மூன்றாம் நாள் நானே போய், அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க நாலு வரி எழுதித்தரும்படி கேட்டேன். “நான் எழுதித்தரமாட்டன். நீ எழுது, பிழை இருந்தால் வெட்டிவிடுறன்” என்றாள். எழுதினேன். முதல் தரம் முழுவதும் சிவப்பாகத் திரும்பி வந்தது. பிறகும் எழுதினேன்.

ஒரு சொல்லில் கனநேரம் நின்றேன். உமது கணவன் என்று சொல்ல அவர்களிடம் உள்ள சொல் பாஅல். அதற்குச் சொந்தக்காரன் என்றும் பொருள் இருக்கிறதாம், வீட்டுக்கு, கடைக்குச் சொந்தக்காரன் மாதிரி. ஓர்னா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், யாரும் அந்த அர்த்தத்தை நினைப்பதில்லை என்று. என்னால் எழுத முடியவில்லை. களவு போனதென்று கத்தின சொந்தக்காரன் நான்தானே. வேறு சொல் இல்லையா என்று கேட்டேன். இஷ் என்று போடலாம் என்றாள். மனிதன்.

எபிரேய எழுத்தில் எழுதினால் உமக்கு வாசிக்கத் தெரியாது, அவவுக்குக் கண் தெரியாது. ஆகையால் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். அவ நித்திரை கொள்ளாத, நோ குறைந்த ஒரு நேரம் பார்த்து, பக்கத்தில் இருந்து வாசியும்.

“ஷலோம், பெனினா. அனி ஹா இஷ் ஷெல் கிளடிஸ். அத் லோ கனெவெத். அனி மித்பயேஷ். ஸ்லிஹா.”

நான் கிளடிஸின் மனிதன். நீங்கள் கள்ளி இல்லை. நான் வெட்கப்படுகிறேன். மன்னியுங்கள்.

பெண் சொன்னால் மித்பயேஷெத் என்று வரும். நீர் பழக்கத்தில் உம்முடைய வாய்க்கு வந்தபடி மாற்றிவிடக்கூடும். மாற்றவேண்டாம், கிளடிஸ். மித்பயேஷ் என்றே வாசியும். அதில் உமக்குப் பங்கில்லை.

அவ மன்னிக்காவிட்டால் அதை எனக்கு எழுத வேண்டாம் என்று முதலில் எழுதினேன். பிறகு வெட்டிவிட்டேன். எதுவென்றாலும் எழுதும்.

போன ஞாயிறு பூசை முடிய, செபக் கூட்டத்து ஆட்கள் உமது வேலை எப்படி என்று கேட்டார்கள். நேர்ஸ் இல்லை, ஒரு வீட்டில் முதிய அம்மாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திப் பார்க்கிறா என்றேன். ஒருவர் “ஓ” என்றார். வேரோனிக்கா அக்கா, “என்ரை கடைசி காலத்திலை எனக்கும் அப்பிடி ஒரு பிள்ளை கிடைக்கவேணும்” என்றா. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. இவ்வளவு சின்ன வசனத்தைச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் எடுத்திருக்கிறது.

இமிகிரேசனில் இருந்து உம்மை மெடிக்கல் செய்யச் சொல்லி இனிக் கடிதம் வரும். அது நேரே உமக்குத்தான் வரும். வந்தால் செய்வதோ, வைத்திருப்பதோ, கிழித்துப் போடுவதோ உமது விருப்பம். நான் கேட்கமாட்டேன். வாரும் என்று எழுதுகிற வாய் எனக்கு இப்போது இல்லை. அங்கேயே இரும் என்று பெருந்தன்மையாகச் சொல்லவும் நான் யார்?

மத்தியானம் சாப்பிடுகிறேன். அடுப்படிக் கிழவர் தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தருகிறார்.

மாதா அந்த அம்மாவின் நோவைக் குறைக்கட்டும். உமது கைகளுக்குப் பெலன் தரட்டும், இரவில் கொஞ்சமாவது உமக்கு நித்திரை கிடைக்கட்டும். உம்முடைய கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று முடிக்க நினைத்தேன். அது உம்மை அவசரப்படுத்துவதுபோல் இருக்கும். ஆகையால் அதை எழுதவில்லை.

சூசைதாசன்